கலக்கிவிட்டு ஊட்டுங்கள்

என்னங்க,

நீங்களும் நம் குட்டியும் சுகம்தானே? நான் கல்லுக்குண்டாக இருக்கிறேன்.

நேற்று நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில், மைக்ரோவேவில் சூடாக்கிய காய்கறி மசியலைப் புது ஆயா அப்படியே ஊட்டப் போனாள்.

“மேல தொட்டுப் பார்த்தேன்க்கா, ஆறிடுச்சு.”

“இரும்மா, கலக்கிப் பார்க்கலாம்” என்று கிண்ணத்தை வாங்கிக் கலக்கி, ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டேன். சுரீரென்றது. நடுவில் அவ்வளவு சூடு! பதறாதீர்கள், கடுகளவு சிவந்ததோடு சரி. அந்தக் குழந்தையின் நாக்கு தப்பியது.

நீங்களும் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் தனிக் கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்துச் சூடாக்குங்கள். நன்றாகக் கலக்கிவிட்டு ஊட்டுங்கள். குட்டி வைத்த மிச்சத்தைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். நீங்களே சாப்பிட்டுவிடுங்கள், உங்கள் கைப்பக்குவம் உங்களுக்கும் தெரியட்டும்.

அவள் சாப்பிடும்போது போன் செய்யுங்கள். பேசக்கூட வேண்டாம், சப்புக்கொட்டும் சத்தம் கேட்டால் போதும். இங்கே இத்தனை குழந்தைகள் என் கையால் சாப்பிடுகிறார்கள், அவளைத் தவிர.

குக்கர் விசில் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் வாயாடி