சிட்டு காரின் வலது கதவு

தைக்காடு, திருவனந்தபுரம்
நவம்பர் 4

ஆதிரா,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் பெட்டிக்குள்ளேயே காகிதம்.

அந்தப் பழைய சிட்டு காரின் முதல் மாடல் கிட் இது. உள்ளங்கை அளவில் பாடி, ரெண்டு கதவு, சக்கரம், சீட். ஒட்டி, பெயின்ட் அடித்து அனுப்பு. டிசம்பரில் கொச்சி கண்காட்சியில் நமக்கு ஒரு மேசை பிடித்தாயிற்று.

போன தடவை மாதிரி பளபளன்னு அடிக்காதே. இது கல்யாண வண்டி இல்லை. பொன்முடி ஏற்றத்தில் நின்றுபோய், உள்ளே இருந்தவர்களை இறங்கித் தள்ள வைத்த வண்டி.

ஆபீசில் கிருஷ்ணகுமார், "எடா, ஆர்க்கும் வேண்டாத்த காரின்றெ கிட் ஆரு வாங்கும்?" என்று சிரிக்கிறான். எல்லோருக்கும் பிடித்த காருக்கு நூறு பேர் கிட் போடுகிறார்கள், இதற்கு நான் ஒருத்தன்தான் என்றேன். அன்றைக்கு இந்த வண்டியைத் திட்டினவன்தான் முதலில் வாங்குவான், பார்.

சீக்கிரம்.
தாணு


நாகர்கோவில்
நவம்பர் 9

அன்புள்ள அவசரக்காரனுக்கு,

ஒட்டிப் பார்த்தேன். கதவு ரெண்டும் கச்சிதமாக உட்காருது. அதுதான் தப்பு.

கல்லாறு பட்டறையில் கிடக்கிற அசல் வண்டியை நீ இடது பக்கம் மட்டும் அளந்திருக்கே. வலது பக்கம் முள்ளுச்செடி, இல்லையா? கம்ப்யூட்டரில் இடதையே திருப்பிப் போட்டு வலதாக்கிட்டே. நீ அனுப்பின போட்டோவிலேயே தெரியுதே, வலது கதவு தொங்கி, பின்னால் விரல் நுழையற சந்து. கையால் வார்த்த ஃபைபர் பாடி ரெண்டு பக்கமும் ஒண்ணு போலவா இருக்கும்? இந்தக் கதவுக்கு நான் பெயின்ட் அடிக்க மாட்டேன்.

இன்னொன்று. 23ஆம் தேதி ஞாயிறு சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை மஸ்கட். "இந்தப் பொம்மைக் காரை எல்லாம் பரணில் ஏத்து மக்ளே" என்கிறாள் அம்மா. பெயின்டைப் பற்றி மூஞ்சிக்கு நேரே பேசுகிறவன் நீ. இதற்கும் ஏதாவது சொல்ல இருந்தால் சொல்லு.

ஆதிரா


திருவனந்தபுரம்
நவம்பர் 16

ஆதிரா,

நேற்றே கல்லாறு போனேன். செடியை வெட்டி வலது பக்கத்தை அளந்தேன். நீ சொன்னதுதான். புதுக் கதவு இதில் இருக்கிறது. பார்க்க அசிங்கம், ஆனால் சரி.

மஸ்கட் வேண்டாம். நாம் கல்யாணம் செய்துகொள்கிறோம். காலேஜில் ரெண்டாம் வருஷமே நான் முடிவு பண்ணியாச்சு. உனக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் சும்மா இருந்தேன். என் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பத்மகுமார் மாமாவையும் கூட்டிக்கொண்டு 23 காலையில் வருகிறோம். அவர்கள் சாயங்காலம்தானே, அதற்குள் பேசி முடித்துவிடலாம். கொச்சிக்கு உனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாச்சு.

தாணு


நாகர்கோவில்
நவம்பர் 19

தாணு,

கதவு சரி. மங்கின பச்சை அடித்து, காய வைத்திருக்கிறேன்.

மஸ்கட்காரர்களை வர வேண்டாம் என்று அப்பா சொல்லியாச்சு. நான் சொல்லச் சொன்னேன், உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள். அதனால் நெஞ்சை நிமிர்த்தாதே.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். தேதி இருக்கு, மாமா இருக்கார், டிக்கெட் கூட இருக்கு. என்னிடம் ஒரு கேள்வி இல்லை. முள்ளுச்செடியை வெட்டப் பஸ் ஏறிப் போனவனுக்கு, என்னைக் கேட்கத் தோணல்லையே!

23 காலை வா. மாமா வேண்டாம், உன் அம்மாவும் இப்போது வேண்டாம். தனியாக வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேள். பதிலை இதில் எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கூட்டமாக இருக்கும். சீக்கிரமே கிளம்பு.

ஆதிரா