கிழக்குக் கிளியின் கழுத்து வளையம்

ஜனவரி 9
அருங்காட்சியக இழுப்பறைகளில் கடைசித் தட்டையும் இன்று அளந்து முடித்தேன். செத்த பின் பாடம் செய்து வைத்த கிளிகள் எண்பத்தொன்று. எல்லாம் ஒரே இனம்: பச்சை உடல், தோளில் சிவப்புத் திட்டு, ஆணுக்குக் கழுத்தில் ரோஜா நிற வளையம். ஆனால் கிழக்கு மலைக் கிளிக்கு வளையம் அகலம், மார்பும் பருமன். மேற்குச் சமவெளிக் கிளி பாவம், பட்டினி கிடந்ததுபோல இருக்கிறது. தனி வகையேதான்! இறக்கை நீளம் மட்டும் இரண்டுக்கும் ஒன்று. அதை என் கட்டுரையின் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டேன்.

மார்ச் 2
கட்டுரை அச்சாகிவிட்டது. இயக்குநர் கைகுலுக்கினார். கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 5
படங்களை அப்பாவிடம் காட்டினேன். இதே அருங்காட்சியகத்தில் முப்பது வருஷம் பறவைகளைப் பாடம் செய்து ஓய்வு பெற்றவர். கிழக்குக் கிளியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“இதெல்லாம் என் கைவேலைம்மா. கிழக்கேருந்து வர்றது எனக்கு, மேற்கேருந்து வர்றது என் கூட்டாளிக்கு. அவன் பஞ்சுல கஞ்சன். நான் கழுத்துல ரெண்டு பிடி சேர்த்தே அடைப்பேன். செத்தாலும் பறவை கம்பீரமா இருக்க வேணாமா?”

சிரித்துவைத்தேன். நாளை முதல் வேலை, இழுப்பறைகளை மறுபடி திறப்பது.

மார்ச் 6
கிளிகளின் காலில் கட்டிய சீட்டுகளைப் புரட்டினேன்; அடைத்தவரின் பெயரெழுத்துகள் அதில் இருக்கும். அப்பா விடுப்பில் இருந்தபோது கூட்டாளி அடைத்த கிழக்குக் கிளிகள் மூன்று. மூன்றும் ஒல்லி. ஐயோ. நான் கண்டுபிடித்தது புதுக் கிளியை இல்லை, அப்பாவின் தாராள மனசை.

மார்ச் 7
சும்மா இருந்தால் என்ன? கிளியா வந்து வழக்குப் போடப்போகுது? — எனக்குத் தெரியுமே.

மார்ச் 10
இயக்குநரிடம் சொன்னேன். “பாடம் செஞ்சவர் தப்புன்னு திருத்தம் போட்டுடுங்க. நம்ம மேல வராது.”
அது யாருன்னு தெரிஞ்சேதான் சொல்றார். அளந்தது நான், அடிக்குறிப்புல மறைச்சது நான். பழி மட்டும் அப்பாவுக்கா?

மார்ச் 14
தவறு என்னுடையது என்றே எழுதி அனுப்பினேன். ஆனால் இரண்டு பேரின் பஞ்சு அடைக்கும் வழக்கத்தையும் பெயரோடு சொல்லாமல் முடியவில்லை. அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஏப்ரல் 3
ஒளித்துவைப்பதற்குள் திருத்தம் வந்த இதழ் அப்பா கையில். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முறை வாசித்தார். நான் கதவோரம் நின்றேன்.

“முப்பது வருஷமா சீட்டுல ரெண்டெழுத்துதான் போட்டாங்க. இதுல என் முழுப்பேரு வந்திருக்கே!”

உடனே சட்டையை மாட்டினார். கூட்டாளி வீட்டுக்காம்.

“அவன் பேரு ரெண்டாவதாத்தான் இருக்குன்னு காட்டிட்டு வந்துடறேன்.”