நாலாவது வரி

அன்பு மகள் சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீ சுகமாக இருப்பாய், நேரத்துக்குச் சாப்பிடுவாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது! போனில் அவள் இரண்டே வரியில் சொல்லியிருப்பாள், நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலை. நீ பிறந்தபோது வேலையை விட்டவள், இருபத்திரண்டு வருஷம் கழித்து விண்ணப்பம் போட்டாள். போன புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு, ஒரே ஒரு வாய்ப்பு, தாமதமானால் கதவு மூடிவிடும் என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தேர்வு விண்டோஸில்தான் ஓடும். நம் கம்ப்யூட்டரோ, நீ எனக்காக விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து, சுவிட்சைப் போட்டால் ஒரு பட்டியலைக் காட்டி, பத்து வினாடிக்குள் யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் நேராக என் லினக்ஸுக்குள் போய்விடும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் பத்து வினாடி முடிந்துவிடும். சரி, தேர்வு நாளில் அவளுக்கு இந்தத் தொல்லை வேண்டாம், தானாகவே விண்டோஸுக்குப் போகட்டும் என்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தேன். நீ எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து, அந்தப் பட்டியலை மாற்றும் கோப்பைத் திறந்தேன். பட்டியலில் விண்டோஸ் நாலாவது வரி. டீஃபால்ட், அதாவது தானாகத் திறக்க வேண்டிய வரி, என்ற இடத்தில் நாலு என்று போட்டேன். காத்திருக்கும் நேரம் எதற்கு என்று பத்தை எடுத்துவிட்டுப் பூஜ்யம் ஆக்கினேன். சேமித்தேன், கட்டளையைக் கொடுத்தேன், அணைத்தேன். ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம். முப்பது வருஷம் அலுவலகத்தில் என் கணக்கை ஒருவரும் திருத்தியதில்லை. பதவி உயர்வை மட்டும் மேலாளரோடு ஒட்டிக்கொண்டே திரிந்த அந்தக் கோந்துக்குக் கொடுத்தார்கள், அது வேறு கதை, அதை நான் மறக்கப் போவதில்லை.

புதன்கிழமை ஒன்பதேகாலுக்கு அம்மா சுவிட்சைப் போட்டாள். பட்டியலே வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ அமைப்புகள் பக்கம் வந்து நின்றது. வெளியேறு என்றால் அணைந்து எரிந்து மறுபடி அதே பக்கம். ஏழு தடவை. எனக்கு உடனே உன் சித்தப்பா மேல்தான் சந்தேகம்; போன மாதம் வீட்டுக்கு வந்தவன் எதையாவது நோண்டியிருப்பான் என்றேன். மூன்று வருஷத்துக்கு முன் அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில், "அண்ணன் எல்லாத்தையும் படிப்பாரு, ஒரு ஸ்குரூவைக் கழட்டத் தெரியாது" என்று சிரித்தவன் அல்லவா அவன். அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சில்லை. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "அவரு தண்ணி குடிச்சிட்டு வாசலோட போயிட்டாரு. நேத்து சாயங்காலம் பூரா அது முன்னாடி உக்காந்திருந்தது யாரு?" என்றாள். அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் யாருடைய லேப்டாப்பையோ பிரித்துப் போட்டுக்கொண்டு பேசினான். "யாரு அண்ணி கை வச்சது?" என்று கேட்டான். "வேற யாரு, உங்க அண்ணன்தான்" என்றாள் இவள். "அப்ப சரி" என்று ஒரு சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு, என்ன எண் போட்டார் என்று கேட்டான். அம்மாவுக்குத் தெரியாது. மணி ஒன்பது முப்பத்தெட்டு. வாசற்படியில் நின்றிருந்த நான் "நாலு" என்றேன். மூன்று வருஷத்தில் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவன் இந்தத் தடவை சிரிக்காமல், "அது பூஜ்யத்திலேர்ந்து எண்ணும்ணே. முதல் வரிதான் பூஜ்யம். நாலுன்னா அஞ்சாவது வரி, அந்த அமைப்புகள் பக்கம். நாலாவது வரி வேணும்னா மூணு போடணும். இப்ப அணைச்சுட்டுப் போடுங்க, போட்டதும் எஸ்கேப் பட்டனை அழுத்திக்கிட்டே இருங்க, பட்டியல் வரும்" என்றான். வந்தது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அம்மா தேர்வுப் பக்கத்தில் இருந்தாள். நூற்றுக்கு எண்பத்தொன்பது.

மத்தியானமே எண்ணை மூன்றாக்கி, காத்திருக்கும் நேரத்தை ஐந்து வினாடியாக வைத்து, இந்தத் தடவை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் நாள் வேலைக்கு நான் பக்கத்தில் நிற்கப் போனேன், "நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க" என்று துரத்திவிட்டாள். சுவிட்சைப் போட்டதும் நேராக அவள் விண்டோஸ் திறந்தது. குடியிருப்புச் சங்கத்துக்கு நான் எழுதும் பதினோராவது புகார்க் கடிதம் இனி அவள் வேலை முடியும் ஒரு மணி வரை காத்திருக்க வேண்டும். எழுதாமல் விடமாட்டேன்.

சித்தப்பாவுக்கு நான் நன்றி சொல்லவில்லை. ஆனால் கீபோர்டில் ஒரு பட்டன் ஆடுகிறது, சனிக்கிழமை அதை அவன் கடைக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பட்டன் ஆடவில்லை. இதை நீ யாரிடமும் சொல்லாதே.

எல்லா நலமும் பெற்று நிறைவாக இரு அம்மா. காலை ஒன்பது முதல் ஒன்று வரை வீட்டுக்குப் போன் செய்யாதே, உன் அம்மா ஆபீஸில் இருப்பாள்.

உன் மேல் மாறாத பாசமுள்ள,
அப்பா