மழையில் மட்டும் மங்கிய கண்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், இல்லாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது. போன வாரம் போனில் என் கண் போய்விட்டது, வேனை விற்கப் போகிறேன் என்று சொன்னதும், நீ அழுததும், “எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வந்துடும்மா, உனக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கி வச்சிருக்கேன்” என்றதும், நானும் சரி என்று சொன்னதும் உனக்கு மறந்திருக்காது. அந்தச் ‘சரி’யைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் நான் வாயைத் திறந்ததும் அப்பா பக்கத்தில் வந்து நின்று மறுக்க ஆரம்பித்துவிடுவார். இப்போது குளிக்கப் போயிருக்கிறார், அதற்குள் முடிந்தவரை எழுதிவிடுகிறேன்.

இந்த வருஷம் மழை பிடித்த நாளிலிருந்தே எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. வெயிலில் தெருக்கோடியில் வரும் பஸ்ஸின் நம்பரை இங்கிருந்தே சொல்லிவிடுவேன், தூறல் விழுந்தால் போதும், முன்கண்ணாடி முழுக்க எண்ணெய் பூசியதுபோல ஆகிவிடும், எதிரே வரும் வண்டியின் விளக்கு ஊதிப் பெருத்து எங்கே ரோடு எங்கே சாக்கடை என்று புரியாது. வயசானால் இப்படித்தான் முதலில் மழையில் தொடங்கும்போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கண் டாக்டரிடம் போனேன், அவர் எழுத்தெல்லாம் படிக்கச் சொல்லிவிட்டு, “உங்க கண்ணு என் கண்ணை விட நல்லா இருக்கும்மா” என்றார். மனசு நோகக் கூடாதென்று சொல்கிறார் என்று நினைத்தேன். காய்ந்த அறைக்குள் உட்காரவைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் தெரியாது, மழையில் நிற்கவைத்துப் பார்க்கட்டும் என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினேன். அவர் மறுநாள் முதல் துணைக்கு வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டு இரண்டு கையாலும் எதிரில் இருக்கிற டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் நான் ஓட்டும்போது தூங்கிக்கொண்டு வந்த மனுஷன். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

அப்புறம் அந்தப் பாலத்து வளைவு. பின்னால் நான் தினமும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிற காலை ஷிப்ட் நர்ஸ் பிள்ளைகள் நிறைய, நல்ல மழை, திடீரென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிள்காரர் முளைத்தார். எப்படி பிரேக் அடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவருக்கு ஒன்றுமில்லை, திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் வண்டியை ஓரங்கட்டி, “என்னால முடியலம்மா, மன்னிச்சிடுங்க, இறங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டேன். ஒரு பிள்ளைகூட முகம் சுளிக்கவில்லை, குடையை விரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் பாப்பா. அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன்.

மெக்கானிக்கின் மச்சான் வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஓட்டிப் பார்த்தவர் எல்லாம் சரி, வைப்பர் மட்டும் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது, அதை மாற்றிக் கொடுங்கள் என்றார். மழைக்கு முன்னால்தான் அப்பா புதிதாக வாங்கி அவர் கையாலேயே மாட்டினார், அதற்குள் கத்துவதா என்று எனக்குக் கோபம் வந்து, விற்ற கடைக்காரியிடம் நாலு கேள்வி கேட்கலாம் என்று வெயில் நேரமாகப் பார்த்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் வெளியே வந்து வைப்பர் கையைத் தூக்கி, நகத்தால் ஓரத்தை ஒரு இழுப்பு இழுத்தாள். பாம்புச் சட்டை உரிகிற மாதிரி நீளமாக ஒரு பிளாஸ்டிக் உறை கழன்று வந்தது. அடுத்ததிலும் அப்படியே. அவள் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், “அக்கா, இது ரப்பர் வளையாம இருக்கக் கடையில போட்டு வச்சிருக்கிறது. இதோடயா மழை பூரா ஓட்டுனீங்க?”

யார் வேலை என்று கேட்க வேண்டுமா? டிவி ரிமோட்டுக்கு உறை, சோபாவுக்கு உறை, பிரிட்ஜ் கதவில் கம்பெனிக்காரன் ஒட்டிய தாள் நீ படிக்கும் காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து கேட்டால் மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை, “தெரியும், புதுசாச்சே, தேய வேணாம்னுதான் விட்டு வச்சேன்” என்கிறார்! கண்ணைக் கெடுத்து ரப்பரைக் காப்பாற்றிய மகராசன். கோபத்தில் கத்தப் போய்ச் சிரித்துவிட்டேன், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவரும் அழுதார். அன்றே ரிமோட் உறையைத் தானே பிய்த்துப் போட்டார், பிரிட்ஜ் தாளைத் தொட மட்டும் இன்னும் மனசு வரவில்லை.

கடையில் நடந்ததை முழுதாகச் சொல்லவில்லையே. உறையை உரித்துவிட்டு அவள் ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி, உள்ளே உட்கார்ந்து பாருங்கள் என்றாள். சுவிட்சைப் போட்டேன். ஒரே ஒரு வீச்சு. எதிர்க்கடைப் பலகை, அதன் கீழே படுத்திருந்த பூனை, பூனையின் மீசை வரைக்கும் தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இறங்கி அந்த ரப்பரைத் தொடப் போனேன், விரல் எண்ணெய் பட்டால் போச்சு என்று கையைத் தட்டிவிட்டாள். கண்ணாடியில் படுகிற ஓரம் நகக்கண் அளவுகூட இல்லை பாப்பா. போகும்போது ஒரு பக்கம் சாய்ந்து போகிறது, திரும்பும்போது தானே மறுபக்கம் சாய்ந்துகொள்கிறது, சாயாமல் விறைத்தால்தான் அந்தக் கீச்சுச் சத்தமாம். கருப்பாக ஏதோ பொடி பூசியிருக்கிறார்கள், வழுக்கிக்கொண்டு போவதற்கு. அதைவிட ஆச்சரியம், அது தண்ணீரை முழுசாகத் துடைப்பதே இல்லையாம், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாக இழுத்து விடுகிறதாம். அந்தத் தண்ணீர் வழியாகத்தான் நாம் எல்லோரும் ரோட்டைப் பார்க்கிறோம்!

கடைச் சுவர் முழுக்க வைப்பர்தான், சாண் நீளத்திலிருந்து என் கை நீளம் வரை, ஒரே வண்டிக்கு இடது ஒரு அளவு வலது ஒரு அளவு, கம்பெனிக்கு ஒரு கொக்கி. பழையதெல்லாம் மேலே இரும்பு எலும்போடு இருக்கும், அந்த எலும்பு பிடிக்கிற இடத்தில்தான் நன்றாக அழுந்தும், இப்போது வருவது உள்ளே ஒரு வளைந்த பட்டை, கண்ணாடி எப்படி வளைந்தாலும் நுனி முதல் நுனி வரை ஒரே அழுத்தம். சில காரில் ஒரு சின்னக் கருவி கண்ணாடிக்கு உள்ளிருந்தே ஒரு ஒளியை விட்டுப் பார்க்குமாம், காய்ந்திருந்தால் ஒளி அப்படியே திரும்பி வரும், துளி விழுந்த இடத்தில் கொஞ்சம் வெளியே போய்விடும், அதை வைத்து மழை என்று கண்டுபிடித்துத் தானே துடைக்க ஆரம்பிக்குமாம். “வெயில்ல ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்கக்கா, மொத மழைக்குக் கல்யாண வீடு மாதிரி கூட்டம் நிக்கும்” என்றாள். இவ்வளவு மூளையும் இவ்வளவு வியாபாரமும் தெருவெல்லாம் என் மூக்குக்கு முன்னாலேயே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது, நான் ஒரு நாள் உற்றுப் பார்த்ததில்லை.

அடுத்த மழைக்கு நர்ஸ் பிள்ளைகளுக்கு நானே போன் போட்டேன். பாலத்து வளைவு வந்தபோது பின்னால் எல்லோரும் கழுத்தை நீட்டி ரோட்டைப் பார்த்தார்கள். மழை கொட்டியது, அந்த ரெண்டு ரப்பரும் வந்து போய் வந்து போய், கைப்பிடிச் சுவரில் வழிகிற தண்ணீர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. வளைவு தாண்டியதும் மூத்த நர்ஸ் சொன்னாள், “நாங்க வேற வண்டி பேசலக்கா. நடந்துதான் போய்ட்டிருந்தோம். நீங்க வருவீங்கன்னு தெரியும்.” அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அழுதால் ரோடு தெரியாதே என்று அடக்கிக்கொண்டேன்.

மெக்கானிக்கின் மச்சானிடம் வண்டியை விற்கவில்லை என்று சொல்லியாகிவிட்டது. உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் சொன்ன ‘சரி’ தோற்றுப்போனவள் சொன்னது, அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த அறையை வேண்டாம் என்று சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டு வருவேன், உன் முகத்தை ஆசை தீரப் பார்ப்பேன், வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லி, நீ இரும்மா இரும்மா என்று கெஞ்சக் கெஞ்சக் கிளம்புவேன். உன் வீட்டுக்கு அப்படித்தான் வர ஆசை.

உன் கார் வைப்பரை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிடு, அங்கே கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் சுவிட்சைப் போடாதே, ரப்பர் கிழிந்துவிடும். நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். அப்பா வந்துவிட்டார், என்ன எழுதுகிறாய் என்கிறார், வானம் கருத்திருக்கிறது, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, சாவியை எடுக்கிறேன்.

இப்படிக்கு,
வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா