பத்து போல்ட்டும் இவர் வலது கையும்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று பத்து போல்ட் துலக்கினேன். கார் எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டைப் பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகள். ஒவ்வொன்றும் என் விரலை விட நீளம். இவர் தளர்த்தி விட, உருவி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டது நான். ஏழில் வெறும் எண்ணெய்ப் பிசுக்குதான். மூன்றில் மட்டும் மரையில் தார் மாதிரி ஏதோ கறுப்பாக அப்பிக் கிடந்தது. கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், கடைசியில் என் நகம் எல்லாம் தேவைப்பட்டது. நானா விடுவேன்? மருத்துவமனையில் முப்பது வருடமாக அறுவைக் கருவிகளைக் கழுவி அவிக்கிறவள். பத்தையும் வெள்ளைத் துணியில் அடுக்கி வைத்தேன். எது எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை, அப்படி ஒரு பளபளப்பு.

"ஆபரேஷன் யாருக்கு?" என்று கேட்டுச் சிரித்தார் இவர். இவர் சிரித்து எத்தனை நாளாயிற்று!

காருக்கும் எனக்கும் ஒரே வயது, ஐம்பத்தெட்டு. அச்சக மெஷின் ஃபிட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இவர் வாங்கியது. ஒன்பது மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபின் ஓட்டவில்லை. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் மட்டும் செய்வார். போன மாதம் பார்த்தால் ஷெட் தரையெல்லாம் பச்சையாகக் கூலண்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர். ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் கேஸ்கெட் போய்விட்டதாம். மெக்கானிக்கிடம் விடலாம் என்றேன்.

"இத நானே பண்ணணும். சரியா வந்தா எனக்குக் கை இருக்கு. வரலன்னா இல்ல. அவ்ளோதான்" என்றார்.

டாக்டர் இதைக் கேட்டால் என்னைத்தான் திட்டுவார். "பலம் முக்கால்வாசி வந்துடுச்சும்மா, இவர்தான் நம்ப மாட்டேங்கிறார்" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறவர்.

பிப்ரவரி 11, செவ்வாய்

புது கேஸ்கெட் வைத்து ஹெட்டை ஏற்றியாயிற்று. இறுக்க வேண்டிய அளவு வந்ததும் கிளிக் என்று சத்தம் போடுமே, அந்த நீள ஸ்பானரை வலது கையால்தான் பிடிப்பேன் என்று ஒரே பிடிவாதம். இரண்டு மணி நேரம். நான் வரிசை எண்ணைச் சொல்லச் சொல்ல இவர் இறுக்கினார். வியர்த்துக் கொட்டியது, உதவிக்குக் கை நீட்டினால் முறைப்பு. சரி, உங்கள் கார், உங்கள் கை, நான் யார்? வெறும் போல்ட் கழுவுகிறவள்.

பிப்ரவரி 12, புதன்

ஒழுகுகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

முன்பாவது மெல்லக் கசிந்தது. இப்போது எஞ்சின் சூடானதும் நடுவிலிருந்து பக்கவாட்டில் கோடாக வழிகிறது. துடைத்தால் மறுபடி. கேஸ்கெட் புதுசு, குழாய் புதுசு. பின்னே எங்கிருந்துதான் வருகிறது?

இவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு போல்ட்ல கிளிக் கேட்டுச்சு. கை நிக்கல. இன்னும் கொஞ்சம் இழுத்துட்டேன். இரும்பு வெடிச்சிருக்கும். நான்தான் வெடிக்க வெச்சிருக்கேன்."

அப்படியெல்லாம் இருக்காது என்று வாய் சொன்னது. எனக்கென்ன தெரியும் எஞ்சினைப் பற்றி? இவர் என்னைப் பார்க்கவே இல்லை, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன்.

பிப்ரவரி 15, சனி

பழைய இரும்பு எடுப்பவருக்கு இவரே போன் செய்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை லாரி வரும். எஞ்சின், பாடி, ஸ்பானர் பெட்டி, எல்லாம்.

ஸ்பானர் பெட்டியுமா? என்ன பேச்சு இது! நாற்பது வருடமாக என்னைக்கூடத் தொட விடாத பெட்டி!

மகளுக்குப் போன் போட்டு அழுதேன். "போனா போகட்டும்மா. அப்பாவுக்கு டென்ஷன் இல்லாம இருந்தா போதும்" என்றாள். அவளுக்குப் புரியவில்லை. போகப்போவது கார் இல்லையடி.

இன்று கைப் பயிற்சிக்கான ரப்பர் பந்தைத் தொடவில்லை. சொன்னால், "எதுக்கு?" என்கிறார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தலை சுற்றுகிறது. ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

டியூட்டி முடிந்து, பழைய கார் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். விரிசலை அடைக்க ஏதோ பொடி உண்டு என்று எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்லியிருந்தார். கடைக்காரர் எப்போதும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள். நாங்கள் வைத்த பெயர் நெற்றிக்கண்ணர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போல்ட் மரைக்குப் பேஸ்ட் தடவுனீங்களா அக்கா?" என்றார்.

என்ன பேஸ்ட்?

"அந்த எஞ்சின்ல மூணு போல்ட் ஓட்டை நேரா தண்ணி ஓடுற இடத்துலயே தொறக்கும். மரையில பேஸ்ட் இல்லன்னா தண்ணி மரை வழியா ஏறி வெளிய வந்துடும். பாக்கறதுக்கு விரிசல் மாதிரியே இருக்கும். கழட்டும்போது மூணுல மட்டும் கறுப்பா ஒட்டியிருந்திருக்குமே, பாக்கலியா?"

பார்த்தேன். பார்த்ததோடு விட்டேனா? நகத்தால் சுரண்டி எடுத்தேன்! அது அப்படியே இருந்திருந்தால் இவர் கண்ணில் பட்டிருக்கும், இது என்ன மூன்றில் மட்டும் என்று கேட்டிருப்பார். நான் பத்தையும் ஒரே மாதிரி ஆக்கிக் கையில் கொடுத்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

கிளிக்குக்கு மேல் ஒரு இழுப்பு இழுத்தால் வெடிக்குமா என்று கேட்டேன். "அந்தக் காலத்து இரும்புக்கா? நீங்க வேற!" என்று சிரித்தார்.

பேஸ்ட் டியூப் கைப்பைக்குள் இருக்கிறது. இவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, புதன்

இன்றும் சொல்லவில்லை.

ஏன்? நம்பிக்கை கொடுத்து, மறுபடி ஒழுகினால் மனுஷன் தாங்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய். அதில் பாதிதான் நிஜம். மீதிப் பாதி வெட்கம். டம்ளரில் ஒரு விரல் ரேகை இருந்தால் வீட்டையே இரண்டாக்குகிறவள், இப்போது என் சுத்தம்தான் உங்கள் எஞ்சினைக் கெடுத்தது என்று எந்த வாயால் சொல்வேன்?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கைப்பையைத் திறந்து திறந்து மூடுகிறேன். சனிக்கிழமை லாரி வருகிறது. என் மானம் பெரிதா, இவர் கை பெரிதா? கேள்வியைப் பார், கேள்வியை.

பிப்ரவரி 20, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் ஷெட்டுக்குப் போனால் ஸ்பானர்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். இடது கையால். அதைப் பார்த்ததும் பேஸ்ட் டியூபை எடுத்து முன்னால் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதுகொண்டே சொன்னதில் நெற்றிக்கண்ணர், தார், நகம் எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது.

இவர் டியூபை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப என் கை இல்லியா?" என்றார்.

"உங்க கை இல்லங்க. என் கை."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. வெடிக்கலியா?"

"வெடிக்காதாம். சிரிக்கிறாரு அந்தாளு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். இவர் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துப் பதறிப்போனேன். தோள் குலுங்குகிறது. கையை விலக்கினால், சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. "ஊர்ல கிருமியெல்லாம் கொன்னது போதாதுன்னு கடைசில என் காரையும் கொல்லப் பாத்தியேடி!"

சொல்லட்டும். ஆயிரம் தடவை சொல்லட்டும். இந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் பத்து எஞ்சினைக் கெடுப்பேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

லீவு போட்டேன். கூலண்டைப் பாதி வடித்துவிட்டு, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, துடைத்து, பேஸ்ட் தடவி, அதே இடத்தில் இறுக்கினோம். எந்த மூன்று என்று தெரியாததால் பத்துக்கும் தடவினோம். தடவியது நான். கறுப்பாக, பிசுபிசுவென்று, கடவுளே, அந்த அசிங்கத்தை என் கையாலேயே!

முதல் போல்ட்டுக்கு ஸ்பானரை என்னிடம் நீட்டினார். "நீ இறுக்கு."

வாங்கவில்லை. "எனக்குக் கழுவத்தான் தெரியும்" என்றேன்.

கிளிக். நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அடுத்தது. கிளிக். பத்தும் கிளிக், பத்திலும் நின்றது கை.

பேஸ்ட் காய ஒரு நாள் விட வேண்டுமாம். இன்று ஸ்டார்ட் செய்யக் கூடாது. பொறுமை என்ற சாமான் எந்தக் கடையில் கிடைக்கும்?

பிப்ரவரி 22, சனி

காய்ந்து கிடக்கிறது! அரை மணி நேரம் எஞ்சின் ஓடியது, வெப்ப முள் நடுவில் நின்றது, பக்கவாட்டில் ஒரு சொட்டு இல்லை. வெள்ளைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அப்பாடா. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அந்த நேரம் பார்த்து லாரி வந்தது. கார் தரல என்று இவர் சொல்ல, "பின்ன எதுக்குங்க வரச் சொன்னீங்க?" என்று அந்த மனுஷர் கோபப்பட்டார். நியாயம்தானே.

"எம் பொண்டாட்டியக் கேளுங்க" என்றார் இவர். போல்ட் கதை முழுவதையும் சொல்லி அவரையும் சிரிக்க வைத்துத்தான் அனுப்பினார். போதாதென்று மகளுக்கும் போன். மானம் போயே போய்விட்டது, ஒருவழியாக நிம்மதி.

மார்ச் 2, ஞாயிறு

இன்று ஓட்டிக்கொண்டு போனோம். டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினோம். கியர் மாற்றும்போதெல்லாம் ஸ்டியரிங்கை வலது கை மட்டும்தானே பிடிக்கிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், இவர் விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் ஷெட்டைப் பெருக்கப் போனால் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருக்கிறது: 'இங்குள்ள எதையும் என்னைக் கேட்காமல் கழுவக் கூடாது.' கோணலும் மாணலுமாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல. யார் எழுதியது என்று ஒரு கணம் புரியவில்லை. ஒன்பது மாதமாக ஒரு கையெழுத்துகூடப் போடாத மனுஷர்.

சாப்பிட வந்து உட்கார்ந்தார். வலது கை விரலெல்லாம் வெள்ளைத் தூள். கழுவிவிட்டு வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை. அந்தக் கையாலேயே சாப்பிட்டார்.