விதைக்கு விட்டதை வெட்டக் கொடுத்தவனுக்கு

வாயிகூயா, அணைக்கரைத் தோட்டம்
பிப்ரவரி 24, 2008

மகன் யாகூபாவுக்கு அப்பா எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே நான், உன் அம்மா, தங்கை ரமதா மூவரும் சுகம். அபிஜானில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்டுவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து கிணற்றடி வரை அவளே நடக்கிறாள். ரமதா கேரட்டையும் வெங்காயத்தையும் நல்ல விலைக்குத்தான் தள்ளுகிறாள். நல்ல செய்தி இத்தோடு சரி. இனி எழுதப்போவதைப் படிக்காதே என்று உன் அம்மாவே உனக்குச் சொல்லியிருப்பாள், ஆனாலும் நீ படிக்கத்தான் வேண்டும்.

நீ அனுப்பிய விதை டப்பாவை பஸ் டிரைவர் நேற்று கொண்டுவந்து கொடுத்தான். மேலே லெட்டூஸ் படம் ரொம்ப அழகாக இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு அவன் கையிலேயே அதைத் திருப்பி அனுப்புகிறேன், படத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொள். அந்த விதையை நான் போட்டுப் பார்க்காதவனா? ஜனவரியில் தளதளவென்று நிற்கும், பிப்ரவரி வெயில் ஒரு வாரம் அடித்தால் போதும், கம்பு மாதிரி தண்டு ஏறி இலையெல்லாம் கசந்துவிடும். நம் செடி மார்ச் கடைசி வரை தரையோடு உட்கார்ந்திருக்கிறதே, அது என்ன தானாகவா வந்தது? பதினாலு வருஷமாக, முதலில் தண்டு ஏறுகிறதைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுவிட்டு, கடைசி வரை அடம்பிடிக்கிறதை மட்டும் பார்த்துப் பார்த்து விதைக்கு விட்டேன். போன வருஷ விதை முழுவதையும் நாற்றங்காலில் போட்டாகிவிட்டது, வீட்டில் ஒரு சிட்டிகை கூட மிச்சம் இல்லை. இந்த வருஷம் தேர்ந்தெடுத்தது முப்பது செடி. முப்பதுக்கும் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். சின்ன வயதில் அந்தத் துணியைக் கிழித்துக் கொடுத்தவனே நீதான், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா?

அப்படியிருக்க, உன் கூட வேலை பார்க்கிற தராமான், ஊரில் அவன் தம்பி கல்யாணம் என்று வந்தவன், அவனிடம் நீ என்ன சொல்லி அனுப்பினாய்? "எங்கப்பா தோட்டத்துக்குப் போ, வேணுங்கிற லெட்டூஸை அறுத்துக்கோ" என்று சொன்னாயாம். துணி கட்டினதைத் தொடாதே என்ற ஒரு வார்த்தை உன் வாயில் வரவில்லை. நான் வெள்ளித் தொழுகை முடிந்து வந்து பார்க்கிறேன், நல்ல வெயிலில் நின்று அவன் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "என்னடா அடிமை, எசமான் வர்றான்னு தெரிஞ்சு முன்னாடியே துணி கட்டி அடையாளம் வச்சிட்டியா? பரவாயில்லையே, உனக்கும் புத்தி வந்திருச்சே!" என்றான். அவன் சாமோ, நாம் மோசி. பாட்டன் காலத்திலிருந்து இந்த இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை. அவன் நம்மைத் திட்டலாம், சட்டியோடு சோற்றைத் தூக்கிக்கொண்டு போகலாம், நாம் முகம் சுளிக்கக் கூடாது, நாமும் அவர்களிடம் அப்படித்தான். பதினாலு வருஷம் அவன் மூட்டைக்குள் கிடக்கிறது, யாகூபா, நான் சிரிக்கிறேன்! "நாய்க்கறி தின்னு, அதுல தலைக்கு அடிச்சுக்கிற கூட்டத்துக்கு லெட்டூஸ் எதுக்குடா?" என்று நானும் பதிலுக்குச் சொல்லி, மூட்டையைத் தூக்கி அவன் வண்டியில் என் கையாலேயே வைத்துவிட்டேன். போகும்போது ஓரத்துச் செடி ஒன்றைக் காட்டி, "இதை உனக்கு விட்டுட்டுப் போறேன், அடிமை பட்டினி கிடந்து செத்தா எனக்கு யார் வேலை செய்யறது?" என்றான். மற்ற பாத்தியெல்லாம் முன்பே அறுத்து விற்றாயிற்று, முப்பதில் மிஞ்சியது அந்த ஒன்று.

சரி, அவனுக்குத் தெரியாது. ராத்திரி உனக்குப் போன் போட்டுச் சொன்னேனே, நீ என்ன செய்தாய்? சிரித்தாய். "விதைதானேப்பா, இதுக்குப் போயா, ஒரு டப்பா அனுப்பி விடறேன்" என்றாய். அவனிடம் நான் சிரித்தது முறைக்காக. நீ எந்த முறைக்காகச் சிரித்தாய்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ரமதா மனசு கேட்காமல் தராமானிடம் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மறுநாளே அவன் ஊர் துகானிலிருந்து அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான், கையில் ஒரு கொசுவலை. "எசமான் கீரையைக் குருவி தின்னா யார் பதில் சொல்றது?" என்றான், ஆனால் குரலில் கேலி இல்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. நாலு குச்சி நட்டு அந்த ஒற்றைச் செடிக்கு வலை கட்டினான். மன்னிப்பு என்று அவனால் கேட்க முடியாது, போகட்டும் என்று என்னாலும் சொல்ல முடியாது, கேலி முறையில் அதற்கெல்லாம் இடம் இல்லை. ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். எனக்கு அவன் மேல் இருந்ததெல்லாம் அத்தோடு போய்விட்டது. உன் மேல் இருப்பது இன்னும் கூடிவிட்டது.

செடி இன்னும் தண்டு ஏறவில்லை. ஏறி, பூத்து, விதையோடு பஞ்சு வெடிக்க ஏப்ரல் ஆகும். அதற்குள் புழுதிக்காற்று இருக்கிறது, ஊர் ஆடுகள் இருக்கின்றன. நான் பாயைக் கொண்டுவந்து இதன் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன், இதை எழுதுவதும் அங்கிருந்துதான். அது செத்தால் பதினாலு வருஷமும் செத்தது. பிழைத்தால் ஒரு செடி ஆயிரம் விதை கொடுக்கும், அதில் முதல் சிட்டிகை, வலை கட்டினதற்காக, ஊரில் இருக்கிற தராமானின் அம்மாவுக்குப் போகும், மற்றது நமக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள், கடை எண்ணெயில் பொரித்ததைக் குழந்தைக்குக் கொடுக்காதே. ஆண்டவன் உங்கள் மூவரையும் காப்பான், அதில் நான் குறை வைக்கவில்லை, தினமும் கேட்கிறேன். அக்டோபர் கடைசியில் நாற்று விடுவோம், மறக்காதே. நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. உன் பங்கு விதையை பஸ் டிரைவர் கையில் கொடுக்க மாட்டேன், நீ வந்து கையை நீட்டி வாங்கிக்கொள். உனக்குப் பதிலாக இனி ஆளை அனுப்பாதே. வருகிறவனிடம் நான் சிரிக்கத்தான் முடியும். நான் திட்டவேண்டியது உன்னை, அதற்கு நீ என் எதிரில் நிற்கவேண்டும்.

உன் அப்பா,
சலிஃபு பெலெம்