மதாம் தெலோனுவாவின் வயிற்றில் என் கை

பாரிஸ், மே மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள எவாரிஸ்த்துக்கு க்ளோதில்த் எழுதுவது. நான் நலம். வயிறு நன்றாகப் பெரிதாகிவிட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போர்தோ நகரத் தேவாலயத்தில் உங்கள் சுவரோவிய வேலை எந்த மட்டில் இருக்கிறது? ஈரச் சுவரருகே நின்று இருமலை இழுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்று சலோன் ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் இலவசமாக விடுகிறார்களே! கீழ்வீட்டுச் சலவைக்காரி சிதோனி துணைக்கு வந்தாள். குளிர்காலம் முழுக்க நீலப் பட்டுடுத்தி உங்கள் முன் உட்கார்ந்தேனே, அந்தப் படத்தைப் பார்க்கத்தான். இது விற்பதற்கில்லை, என் மனைவியின் படம் என்றீர்கள். அதை சிதோனியிடம் காது புளிக்கச் சொல்லியிருந்தேன்.

அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "உக்காந்திருக்கிறது நீதான்டி. மூஞ்சி யாரோடது?"

படத்தின் மரச்சட்டத்தில் மதாம் தெலோனுவா என்று எழுதியிருந்தது.

பெரிய இடத்துப் பெண்கள் முகத்துக்கு மட்டும் உட்காருவதும், உடம்புக்கு வேறொருத்தி உட்காருவதும் உங்கள் தொழிலில் வழக்கம்தான். சொல்லியிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். வார்னிஷ் காய்கிறது, தூசு படும் என்று கடைசி வாரம் கதவைப் பூட்டிக்கொண்டீர்கள். நானும் நம்பி, சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனேன். அவள் கண்களைப் பார்த்தேன். வெறும் ஓவியரை எந்தச் சீமாட்டியும் அப்படிப் பார்க்கமாட்டாள். நான் அப்படிப் பார்த்தவள், எனக்குத் தெரியும். அவள் வீடு போர்தோவில் என்றும் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நீங்கள் வரைவது தேவாலயச் சுவரைத்தானா? என் வயிறு எரிகிறது, எவாரிஸ்த்.

என் கோணல் சுண்டுவிரலை நேராக்கிவிட்டீர்கள். தூரிகைத் தடமே தெரியாமல் வழவழவென்று இழைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கையை வயிற்றிலிருந்து எடுக்க மறந்துவிட்டீர்கள். பிள்ளை முதன்முதலாக அசைந்தபோது நான் வைத்த கை அது. அப்படியே இரு, அசையாதே என்றீர்கள்.

இன்று அதைப் பார்த்து இரண்டு சீமாட்டிகள் விசிறிக்குப் பின்னால் சிரித்தார்கள். "இவ புருஷன் அல்ஜீரியா போயி ஒரு வருஷமாச்சே, வயித்துல பிள்ளை எப்படியாம்?" என்றாள் ஒருத்தி. இந்நேரம் பாரிஸ் முழுக்கப் பரவியிருக்கும். அந்த அம்மாளிடம் சொல்லிவையுங்கள்.

அது என் வயிறு என்று நான் அங்கே சொல்லவில்லை. சிதோனியையும் சொல்லவிடவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஜூலையில் பிரசவம் என்கிறாள் மருத்துவச்சி. இருமலுக்குத் தேன் சாப்பிடுங்கள். கடவுள் உங்களைக் காக்கட்டும். பிள்ளை எந்த முகத்தோடு வந்தாலும், அதை மாற்றாமல் பார்க்க ஒருமுறை வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி என்றே இன்னும் எழுதுகிற
க்ளோதில்த்